சாட்சிக்கு வாங்கிய கேமரா

உங்கள் அத்தையை அவள் புருஷன் அடித்ததற்குச் சாட்சி வேண்டும் என்றுதான் நம் வீட்டுக்கு முதல் டிஜிட்டல் கேமரா வந்தது. பெரியவள் பிறக்கப் போகிறாள் என்று ஆசைப்பட்டு வாங்கினேன் என இத்தனை வருடமாக நான் சொல்லி வந்தது பொய். போன மாதம் அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது சின்னவன் வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, "கேமரா எங்கப்பா?" என்று கேட்டான். நான் பட்டறைக்குக் கிளம்பிப் போய்விட்டேன்.

பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்கலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் இதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நான் பதினைந்து வயதில் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் நான் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அத்தை எனக்கு ஐந்து வயது இளையவள். உங்கள் தாத்தாவும் பாட்டியும் போன பிறகு ஈப்போ பக்கத்துப் புந்தோங் வீட்டில் நானும் அவளும்தான். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் மாப்பிள்ளை பார்த்தேன். சுங்காய் பக்கம் ஒரு தோட்டம். ஒரு காலத்தில் பால்மரம், அதாவது ரப்பர். நான் போகும்போதே எல்லாம் செம்பனையாக மாறியிருந்தது. மாப்பிள்ளை அங்கே குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டினான். அன்றைக்கெல்லாம் 'அவர்' என்றுதான் சொன்னேன், முகத்துக்கு நேரே 'வாங்க மாப்ள' என்றுதான் கூப்பிட்டேன். இங்கே 'அவன்' என்றே எழுதுகிறேன்.

அவன் குடித்துவிட்டு அடித்தான் என்று நினைக்காதீர்கள். குடிக்கிறவனுக்குக் கை தவறும். இவன் நிதானமாக அடிப்பான். துணி எந்த இடத்தை மூடுகிறது என்று பார்த்து அந்த இடத்தில் அடிப்பான். முதுகு, இடுப்பு, தொடை. செம்பனை மட்டையின் முள்ளைச் சீவி, கைப்பிடிக்குத் துணி சுற்றி ஒரு கம்பு வைத்திருந்தான். அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருப்பானாம். வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கை கால் கழுவிவிட்டு, அதற்குப் பிறகு அடிப்பானாம். பூட்ஸைக் கழற்றுகிற சத்தம் கேட்டாலே உங்கள் அத்தைக்கு மூத்திரம் போய்விடும். இதை அவள் உங்கள் அம்மாவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

காரணம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ரசத்தில் உப்பு. பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சு. இரண்டு வருடமாகப் பிள்ளை இல்லை. ஒரு தடவை டிராக்டர் பழுதாகி நின்றுவிட்டது, அதற்கும் அடித்தான்.

தோட்டத்தில் இந்த மாதிரி விஷயத்தைக் கோயில் கமிட்டிதான் பேசும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள். தலைவர் பழைய மண்டோர், பால்மரக் காலத்தில் வெட்டுக்காரர்களை மேய்த்தவர். அவர் 'கல்யாணத்தை வெட்டிவிடலாம்' என்று சொன்னால் ஊர் ஏற்றுக்கொள்ளும், பெண் பிறந்த வீட்டுக்குத் தலை நிமிர்ந்து வரலாம். அவர் சொல்லாமல் வந்தால் ஓடிவந்தவள். நான் அந்த வழக்கத்தை மீறத் துணியாதவன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

முதல் தடவை பேசப் போனபோது அடி விழுந்து ஒன்பது நாளாகிவிட்டது. செய்தி எனக்கு வந்து, லீவு கேட்டு, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருந்து போவதற்குள் அவ்வளவு நாள்.

"எங்கம்மா அடிச்சான்?" என்று தலைவர் கேட்டார்.

"முதுகுல, மாமா," என்றாள் அத்தை.

ஆம்பளைகள் கூட்டத்தில் முதுகைக் காட்டு என்று யார் சொல்வது? தலைவரின் வீட்டம்மா அவளை மடப்பள்ளிக்குள் கூட்டிப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "பழசு மாதிரி இருக்கு. மஞ்சப் பத்து வேற போட்ருக்கா. எது காயம் எது மஞ்சள்னு ஒண்ணும் புரியல," என்றார்.

அவன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா, மாமா. பாசி. நான்தான் தூக்கிட்டு வந்தேன். பத்து அரைச்சுப் போட்டதும் நான்தான்."

"பொண்டாட்டிக்குப் பத்து அரைச்சுப் போடறவன் நீ ஒருத்தன்தான்டா இந்தத் தோட்டத்துல," என்று கமிட்டியில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

தலைவர் என்னைப் பார்த்தார். "தம்பி, ஆறிப்போன காயத்த வச்சு நான் எப்படிப் பேசறது? நாளைக்கி அவன் வீட்டு ஆளுங்க வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது, சொல்லு."

இரண்டாம் தடவையும் அப்படித்தான். இந்த முறை ஏழு நாள். கிளினிக்குக்குப் போயிருக்கலாமே என்று கேட்டார்கள். அங்கே மருந்து கொடுக்கிற தோட்டத்து டிரசர் அவனுக்குச் சித்தப்பா முறை. அவரிடம் போய் ரவிக்கையைக் கழற்றி எப்படிக் காட்டுவாள்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அந்த யோசனை வந்தது. அன்றைக்கே, தேதியோடு, காயத்தைப் படம் எடுத்து வைத்துவிட்டால்?

படம் எடுப்பது பெரிய விஷயமில்லை. அதைக் கழுவக் கொடுப்பதுதான் சங்கடம். ஃபிலிம் கேமராவில் எடுத்தால் புந்தோங்கில் எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுத்த அதே கடையில்தான் கொடுக்க வேண்டும். உங்கள் அத்தையின் வெற்று முதுகை அந்த மனிதர் ஈரத்தோடு எடுத்துக் கயிற்றில் காயப்போடுவார். அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் கண் இருக்கிறதே. டிஜிட்டல் கேமராவில் கழுவுகிற வேலை இல்லை, எடுத்தவுடன் பின்னாலேயே பார்க்கலாம் என்று பட்டறையில் ஒருவன் சொன்னான். ஹேண்ட்போனில் எடுக்கிற படமெல்லாம் அப்போது மழையில் நனைந்த காகிதம் மாதிரி இருக்கும். அதனால் ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு இருந்த உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஈப்போ டவுனுக்குப் போனேன்.

கடைக்காரர் சீனர், தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். கவுன்டரில் நம் ஆள் பெண் ஒருத்தி நின்றாள். கழுத்தில் சின்னதாகச் சிலுவை, கையில் பேனா. தவுக்கே உங்கள் அம்மாவின் வயிற்றைப் பார்த்ததுமே சிரித்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து பெரிய ஒன்றை எடுத்து வைத்தார். "இத வாங்கு லா, பாஸ். ஸூம் பாரு. மரத்துல இருக்கிற குருவி கண்ணு கூடத் தெரியும்," என்று மலாய் பாதி தமிழ் பாதியாகச் சொன்னார்.

"குருவியவா எடுக்கப் போறோம்," என்று அம்மா என் காதில் சொன்னாள்.

அந்தப் பெண் கேட்டாள். "அண்ணே, எதுக்குப் பயன்படுத்தப் போறீங்க?"

"சும்மா. வீட்டுக்குத்தான். தினசரி எடுக்கறதுக்கு."

"அப்போ சின்னதே போதும்லா. பெருசு வாங்குனா ஒரு மாசம் கழுத்துல மாட்டுவீங்க. அப்புறம் அலமாரியில தூங்கும். பாக்கெட்ல போடற மாதிரி வாங்குங்க. சாதா பேட்டரி போடறதா பாருங்க, தோட்டம் தொரவு எங்க போனாலும் சின்னக் கடையில கிடைக்கும்."

நான் என் கேள்விகளை ஆரம்பித்தேன். படத்தில் தேதி விழுமா? கிட்ட வைத்து எடுத்தால் தெளிவாக இருக்குமா? தோலின் நிறம் உள்ளது உள்ளபடி வருமா? தினசரி வீட்டுக்குப் படம் எடுக்கிறவன் கேட்கிற கேள்வி இல்லை அது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

என் இடது கைக் கட்டைவிரலுக்குக் கீழே பட்டறையில் சுத்தியல் பட்டுக் கன்றிப்போயிருந்தது. "கைய இப்படி வைங்கண்ணே," என்று கண்ணாடிமேல் வைக்கச் சொல்லி, நாலு கேமராவில் அந்த இடத்தை எடுத்தாள். முதலாவதில் கை முழுக்கச் சிவப்பாக வந்தது, கன்றினது எது என்று தெரியவில்லை. இரண்டாவது பிளாஷ் அடித்து வெள்ளைத் தாள் ஆக்கிவிட்டது. மூன்றாவது கலங்கல். நாலாவதில் நடுவில் ஊதாவும் ஓரத்தில் பச்சையும், அதையும் தாண்டி லேசான மஞ்சளும் தனித்தனியாகத் தெரிந்தன. வெள்ளி நிறம், சோப்புப் பெட்டி அளவு. என் காயத்தை அவ்வளவு அழகாக நான் அதுவரை பார்த்ததில்லை.

"இதுதான்," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் இரண்டு கையையும், கழுத்தையும், காதோரத்தையும் பார்த்தாள். பிறகு நான் பணம் கொடுக்கத் தவுக்கேயிடம் திரும்பிய சமயம் தாழ்ந்த குரலில் கேட்டது எனக்குக் கேட்டுவிட்டது. "அக்கா, நீங்க நல்லாத்தான இருக்கீங்க?"

"ஐயோ, நான் இல்ல. என் நாத்தனார்," என்றாள் அம்மா.

அந்தப் பெண் பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். பிளாஷை அணைக்கவும். பகலில், ஜன்னல் ஓரமாக எடுக்கவும். பக்கத்தில் இருபது சென் காசு ஒன்று வைத்து எடுத்தால் காயம் எவ்வளவு பெரிது என்று தெரியும். கொடுக்கும்போது, "சும்மா படம் எடுத்து வச்சுக்கிட்டே இருக்காதீங்கண்ணே. பாலாய்க்கும் போங்க," என்றாள். பாலாய் என்றால் போலீஸ் நிலையம். நான் சரி சரி என்று தலையாட்டினேன். போலீஸுக்குப் போனால் அசிங்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகத் தேதியை வைத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. பிறகு பழகுவதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். நம் பழைய மோட்டார் சைக்கிள், கோழிக்கறிச் சட்டி, துணி காயப்போடும் அம்மா. அந்த வாரம் அத்தை இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். அவளிடம் கேமராவைக் காட்டினேன்.

"அடுத்த தடவை கை வச்சா உடனே போன் பண்ணு. நான் அன்னைக்கே வாரேன். மஞ்சப் பத்துப் போட்றாத, சரியா?"

அவள் கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நான் திரும்பிப் போகணுமாண்ணே?"

"ஒரே ஒரு தடவை. சாட்சி கையில இருந்தா தலைவர் வெட்டிவிட்டுத்தான் ஆகணும். அப்புறம் யாரும் உன்ன ஒரு வார்த்த பேச முடியாது."

"சரிண்ணே," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே அவளை பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் ஜன்னலில் அவளை ஒரு படம் எடுத்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் போன் வரவில்லை. கேமராவைச் சாப்பாட்டுப் பையில் வைத்து லகாட் பட்டறைக்குக் கொண்டு போவேன், கொண்டு வருவேன். இரண்டு ஜோடி பேட்டரி மாற்றுக்கு. வெல்டிங் சத்தத்தில் போன் கேட்காமல் போய்விடுமோ என்று அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "என்ன இவன், அடிக்கவே மாட்டேங்கறான்," என்று அம்மாவிடம் சொன்னேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அம்மா தட்டை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை.

ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. தோட்டத்து மளிகைக் கடை போனிலிருந்து பேசினாள். "அண்ணே, வா," என்று மட்டும் சொன்னாள். வார்த்தை வாய்க்குள்ளேயே குழைந்தது. பட்டறை நண்பனின் நாலு கதவுக் காடியை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். சுங்காய் பஸ் நிறுத்தத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். காடியில் ஏறித் துண்டை எடுத்தபோதுதான் பார்த்தேன். இந்த முறை முகத்தில் அடித்திருந்தான். இடது கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. கீழ் உதடு கிழிந்து ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"எதால?"

"ஹெல்மெட்டால." கொஞ்ச தூரம் போன பிறகு அவளே சொன்னாள். "கம்பத்தான் எடுத்தான். நான் ஓடல. அடி, நல்லா அடின்னு முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன். ஆறு அடி வரைக்கும் எண்ணினேன். நான் அழலன்னதும் அவனுக்கு என்னமோ ஆயிருச்சு. கம்பப் போட்டுட்டு ஹெல்மெட்ட எடுத்துட்டான்."

"ஏன்டி நின்ன?"

"நீதான படம் வேணும்ன."

காடியை ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து சேரும்போது சாயங்காலம். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. ரத்தமும் மண்ணுமாக வந்தவளை அப்படியே எப்படி உட்கார வைப்பது என்று அம்மா வெந்நீர் வைத்துக் குளிக்க வைத்தாள். மஞ்சள் போடவில்லை. அதில் எல்லாரும் கவனமாக இருந்தோம். குளித்துவிட்டு வந்தவளிடம், "வா, ஜன்னல்கிட்ட உக்காரு, போட்டோ எடுக்கணும்," என்று சொன்னேன்.

நம் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். எல்லார் முகமும் கழுத்தைவிட வெளுப்பாக இருக்கும். போட்டோ என்ற சொல் காதில் விழுந்தால் நம் ஆட்களின் கை தானாகப் பவுடர் டப்பாவுக்குப் போகும். உங்கள் அத்தை அறைக்குள் போனாள். தலை வாரிப் பின்னி, பொட்டு வைத்து, அம்மாவின் இஸ்திரி போட்ட சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, முகத்துக்கு இரண்டு பூச்சாகப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள். அம்மா பின்னால் நின்று கழுத்துக்கும் பூசிவிட்டாள். மூன்று பேரில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கல்யாணப் படத்துக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி வலது கன்னத்தைக் காட்டி லேசாகத் திரும்பிக்கொண்டாள்.

பிளாஷை அணைத்தேன். இருபது சென் காசை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். கேமராவைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். பழக்கத்தில் என் வாய், "கொஞ்சம் சிரி," என்று சொல்லிவிட்டது.

அவள் அந்தக் கிழிந்த உதட்டோடு சிரித்தாள்.

நான் அழுத்தினேன். இடது பக்கமும் ஒன்று எடுத்தேன். பின்னால் சின்னத் திரையில் பார்த்தேன். தெளிவாக இருந்தது, தேதி மூலையில் அழகாக விழுந்திருந்தது. 'நல்லா வந்திருக்கு' என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு படத்திலும் பவுடர் காயத்தை மூடியிருந்தது எனக்குப் படவில்லை, என் கண் அவள் நேரில் உட்கார்ந்திருந்த முகத்தையும் படத்தையும் ஒன்றாகச் சேர்த்தே பார்த்துக்கொண்டிருந்தது போல.

முதுகை அம்மாதான் எடுத்தாள். கூடப் பிறந்தவனாக இருந்தாலும் நான் பார்க்கக்கூடாது. கதவைச் சாத்தி, தெருவிலிருந்து தெரியாமலிருக்கத் திரையையும் இழுத்து மூடிக்கொண்டார்கள். வெளியே நின்ற எனக்குக் கதவு இடுக்கில் பளிச் பளிச் என்று வெளிச்சம் தெரிந்தது. இருட்டறையில் பிளாஷ் தானாக அடித்திருக்கிறது. அணைப்பது எப்படி என்று அம்மாவுக்கு நான் சொல்லித் தரவில்லை. உள்ளே அம்மா அழுகிற சத்தம் கேட்டது, அத்தை அழவில்லை. எடுத்த படத்தை நான் திறந்து பார்க்கவும் முடியாது. அப்படியே பையில் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உட்கார்ந்தோம். அதற்குள் வீக்கம் வடிந்து, கன்னத்தில் ஒரு நிழல் மாதிரிதான் மிச்சம் இருந்தது. நான் பயப்படவில்லை. பையிலிருந்து கேமராவை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தேன். கோர்ட்டில் வக்கீல் கொடுக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று கொடுத்தேன்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அவர் எதையோ அழுத்திவிட்டு, "இதுல மோட்டார்தான் இருக்கு," என்றார். அடுத்தவர், "எனக்குக் கோழிக்கறி வருது," என்றார். சிரித்தார்கள். நான் ஓடிப்போய்ச் சரியான படத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன். அது கை மாறிக் கை மாறிக் கடைசியில் அவனிடம் போயிற்று.

அவன் பார்த்தான். வார்ப்பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, படத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தான்.

"மாமா, தேதி பாருங்க. புதன்கெழம. நான் போட்ட தேதி இல்ல, மச்சானோட மெஷின் போட்டது. அன்னைக்கு மத்தியானம் நான் இவ மூஞ்சிய ஒடச்சேனாம். அன்னைக்கே சாயங்காலம் பொட்டு வச்சு, பவுடர் அப்பி, பட்டுச்சேல கட்டிச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அடி வாங்குனவ சிரிப்பாளா, மாமா?"

"பட்டு இல்ல," என்றாள் அம்மா. யாரும் கேட்கவில்லை.

தலைவரின் வீட்டம்மா கேமராவை வாங்கி ஓரமாகப் போய் முதுகுப் படங்களைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலயே. எல்லாம் வெள்ளையா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு," என்று அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. கன்னத்தைப் பாருங்கள், கிட்டப் போய்ப் பாருங்கள் என்று கத்தியிருப்பேன். தலைவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "தம்பி, சாட்சி கேட்டேன், நீயே கொண்டு வந்த. உன் சாட்சியே இப்படிச் சொல்லுது. இனிமே இதுல பேச ஒண்ணும் இல்ல. தங்கச்சிய இங்கயே விட்டுட்டுப் போ."

அவன் அத்தையைப் பார்த்து, "எந்திரி. வீட்டுக்குப் போலாம்," என்றான்.

"நான் வரல," என்றாள் அத்தை.

மூன்று கூட்டத்திலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதைத் தவிர அவளாக வாய் திறந்தது அதுதான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் அவள் பின்னலைப் பிடித்துத் தூக்கினான். "என்ன சொன்ன?"

"வரல."

அவன் கேமராவை வார்ப்பட்டையோடு சுழற்றி அவள் வாயில் அடித்தான். பல் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. குச்சி ஒடிகிற மாதிரி, அவ்வளவு சின்னச் சத்தம். இரண்டாவது அடி புருவத்தில் விழுந்து தோல் பிளந்தது. மூன்றாவதுக்கு அவள் குனிந்துவிட்டாள். கேமரா தூணில் மோதி வெடித்து, பேட்டரி இரண்டும் சிமென்ட் தரையில் உருண்டு தலைவரின் காலடிக்குப் போயின. கமிட்டியில் ஏழு பேர் இருந்தார்கள். சாட்சி கேட்ட ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

நான் நாற்காலியைத் தூக்கி அவன் தலையில் போட்டேன். பிளாஸ்டிக் நாற்காலி, கால் முறிந்து பறந்தது. முறிந்த காலாலேயே குத்தினேன். அவன் என் வயிற்றில் உதைத்தான். இரண்டு பேரும் கீழே விழுந்தோம். அவன் காதைப் பிடித்துத் தலையைத் தரையில் மோதினேன். அவன் கை ஓய்ந்த பிறகும் மோதினேன். என் விரலிடுக்கில் அவன் ரத்தம் வெதுவெதுப்பாக இருந்தது. அப்போது எனக்கு நன்றாக இருந்தது. அதை உங்களிடம் மறைத்தால் மேலே எழுதியதெல்லாம் வீண். ஐந்து வாரமாக நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கின மாதிரி நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு மூன்று தடவை மோதியிருந்தால் நீங்கள் அப்பா இல்லாமல் வளர்ந்திருப்பீர்கள். நாலு பேர் சேர்ந்து பிடித்து இழுத்தார்கள். எழுந்து அத்தையிடம் போனேன். அவள் என் கையைப் பார்த்து ஓர் அடி பின்னால் போனாள்.

அந்த ஓர் அடியைப் பார்த்துத்தான் நான் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"கோயில்ல ரத்தம் சிந்தலாமா," என்று தலைவர் சத்தம் போட்டார். "யாராச்சும் தண்ணி கொண்டாங்க. ஏம்மா, நீ முகத்தக் கழுவிட்டு உக்காரு. அவன் ஏதோ கோவத்துல பண்ணிட்டான். பேசிக்கலாம்."

அவர் வீட்டம்மா வாளியில் தண்ணீரும் துண்டும் கொண்டு வந்தார். அத்தை வாளியைத் தள்ளி வைத்தாள்.

"கழுவ மாட்டேன், மாமா."

வாயிலிருந்து ரத்தம் வழிய, முந்தானையால்கூட ஒற்றாமல், மண்டபத்துப் படியிறங்கிக் காடிக்கு நடந்தாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். காடியில் ஏறியதும் நான் கைக்குட்டையை எடுத்து அவள் தாடைக்குக் கொண்டு போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொடைக்காதண்ணே. இப்படியே பாலாய்க்குப் போலாம்."

அவள் மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போகவில்லை. அவன் மேல் வழக்கு நடந்தது, என் மேலும் நடந்தது. தலைவர் வெட்டிவிடவில்லை, கோர்ட்தான் வெட்டிவிட்டது. ஓடிவந்தவள் என்று சிலர் சொன்னார்கள். பெரியவளைத் தூக்கி வளர்த்த கை அந்த ஓடிவந்தவளின் கைதான். முதல் தடவை அவள் வந்தபோதே 'இனிமே போகாத' என்று நான் சொல்லியிருந்தால் போதும். சாட்சி தேடி அவளை நான் அனுப்பினேன். பெரியவளே, உனக்கு அப்படி ஒரு நாள் வந்தால், எங்கே அடித்தான் என்று நான் கேட்க மாட்டேன். பையை வாங்கி உள்ளே வைப்பேன்.

அன்றைக்கு நேராகப் போலீஸ் நிலையத்துக்குக் காடியை ஓட்டினேன். அத்தை வாயைத் திறந்தே வைத்திருந்தாள். ரத்தம் எச்சிலோடு கலந்து நூலாக இறங்கி அம்மாவின் இன்னொரு சேலையில் விழுந்துகொண்டிருந்தது. நான் முன்னால் போய்ப் பேசலாம் என்று இறங்கினேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். மேசையில் இருந்த போலீஸ்காரப் பெண்ணிடம் தன் பெயரைச் சொன்னாள். பிறகு மலாயில், "என் புருஷன் அடிச்சான்," என்றாள்.

'எங்கே அடித்தான்' என்று அந்தப் பெண் கேட்கவில்லை. எழுந்து வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.